ஏறும்போது 0.41, இறங்கும்போது 0.30: மலை ரோட்டில் காற்றுத் தடையை அளக்கலாமா?

சங்கிலிச்சத்தம் (தலவாக்கலை)

வணக்கம். கனடாவில் இருக்கும் மாமா மகன் புதியது வாங்கிக்கொண்டு தன் பழைய பவர் மீற்றரை எனக்கு அனுப்பிவிட்டார். பெடலைத் தாங்கும் கிராங்கில் பூட்டுவது, இரண்டு கால்களும் மிதிக்கும் வலுவை வாட்டில் அளக்கும். பின் சக்கர ஹப்பில் மாட்டும் ஸ்பீட் சென்சர் முன்பே இருந்தது. இப்போது ஒரு கூட்டாளி, ஹேண்டிலுக்கு முன்னால் நீட்டிக்கொண்டு நிற்கும் காற்று சென்சரையும் கொஞ்ச நாளைக்குத் தந்திருக்கிறார். எல்லாம் ஹேண்டிலில் உள்ள சைக்கிள் கம்பியூட்டருடன் இணைந்துவிட்டன, ஓடிக்கொண்டிருக்கும்போதே சிடிஏ எண் திரையில் வருகிறது.

சிடிஏ தெரியாதவர்களுக்கு: நாமும் சைக்கிளும் காற்றுக்கு எவ்வளவு பெரிய தடையாக நிற்கிறோம் என்பதைச் சதுர மீற்றரில் சொல்லும் எண். முன்னால் நின்று பார்த்தால் தெரியும் பரப்பை இழுவைக் குணகத்தால் பெருக்கினால் வருவது. பிரேக் ஹூட்டில், அதாவது பிரேக் பிடிகளின் மேல் உறையில், கை வைத்து ஓட்டும் ஆளுக்கு 0.35 பக்கம் வரும், டைம் ட்ரயல் சைக்கிளில் நன்றாகப் படுத்து ஓட்டுபவர்களுக்கு 0.20 இலிருந்து 0.25.

என் பிரச்சினை இதுதான். தலவாக்கலைக்கு மேலே மெல்ல ஏறும் ஒரு துண்டு ரோட்டில் போகும்போது 0.41 காட்டுகிறது. அதே ரோட்டில் திரும்பி இறங்கும்போது 0.30. அதே உடுப்பு, சைக்கிளில் உட்காரும் அதே இருப்பு, கை வைத்த இடம்கூட மாறவில்லை. சென்சர் பழுதா, அல்லது நம் மலையில் இந்த விளையாட்டே சரிவராதா?


மேட்டுராஜா (பொகவந்தலாவ)

தம்பி, கோபிக்க வேண்டாம். நம் பக்கத்து ரோட்டில் காற்றுத் தடையை அளக்கிறதெல்லாம் கொழும்புக்காரர்களைப் பார்த்துப் பிடித்த நோய். எங்கள் ஊரிலிருந்து எந்தப் பக்கம் புறப்பட்டாலும் கடைசியில் ஏற்றம்தான். மணிக்கு 12 கிலோமீற்றரில் மூச்சு வாங்கிக்கொண்டு ஏறுகிற ஆளுக்குக் காற்று என்ன செய்யும்? அந்த சென்சர் விலைக்கு நல்ல டயர் இரண்டு வாங்கலாம், மிச்சக் காசுக்குப் பின் சக்கரத்துப் பல்சக்கரக் கேசட்டையும் மாற்றலாம்.


ஹப்புத்தளைக்காரி (ஹப்புத்தளை)

மேட்டுராஜா அண்ணா ஏற்றத்தைப் பற்றிச் சொன்னது சரி, எண்ணோடு பார்க்கலாம். ஆளும் சைக்கிளும் சேர்த்து 75 கிலோ, ஏற்றம் 6 சதவீதம், வேகம் மணிக்கு 12. எடையை மேலே தூக்க மட்டும் 147 வாட் வேண்டும். டயர் உருள்வதற்கு 15 வாட். காற்றுக்கு 7 வாட்கூட இல்லை. அங்கே சிடிஏயைப் பத்து வீதம் குறைத்தாலும் ஒரு வாட்டுக்கும் குறைவாகத்தான் மிஞ்சும். ஒரு தண்ணீர்ப் போத்தலைக் குறைத்தால் அதைவிட லாபம்.

ஆனால் அதே ஆள் சமதரையில் மணிக்கு 36 போனால், தலவாக்கலை உயரத்துக் காற்றில், காற்றுக்கு மட்டும் 184 வாட் போகும், டயருக்கு 44. ஆகவே கேள்வி நம் ஊரில் மலை இருக்கிறதா என்பதல்ல, அந்த ஆள் வேகமாகப் போகும் துண்டுகள் எவ்வளவு என்பது. ஏறிய மலையை இறங்கித்தானே ஆக வேண்டும்.

இனி சங்கிலி தம்பியின் கணக்கு. சென்சர் சிடிஏயை நேரடியாக அளக்கவில்லை. நீங்கள் மிதிக்கும் வாட்டிலிருந்து சங்கிலியில் போகும் 2, 3 சதவீதத்தைக் கழிக்கும், டயருக்கானதைக் கழிக்கும், ஏற்றத்துக்கானதைக் கழிக்கும், வேகம் கூடுவதற்கானதைக் கழிக்கும். மிச்சம் இருப்பதைக் காற்றின் தலையில் கட்டும். கழித்ததில் எங்கே பிழை இருந்தாலும் அது முழுவதும் சிடிஏயில் வந்து விழும். 75 கிலோவுக்கு, ஏற்றத்தில் வெறும் 0.1 சதவீதப் பிழை என்றால் 0.74 நியூட்டன். மணிக்கு 36 இல் காற்றின் விசை 18 நியூட்டன் இருக்கும், அதில் இது 4 சதவீதம், பொறுத்துக்கொள்ளலாம். மணிக்கு 15 இல் காற்றின் விசை 3 நியூட்டனைக் கொஞ்சம் தாண்டும், அவ்வளவுதான். அப்போது அதே 0.1 சதவீதம் உங்கள் சிடிஏயைக் கால்வாசி அளவுக்குத் தூக்கிப் போட்டுவிடும்.

முதலில் ஒன்று சொல்லுங்கள், எடை எவ்வளவு என்று போட்டிருக்கிறீர்கள்? சைக்கிள், சப்பாத்து, ஹெல்மெட், போத்தல் எல்லாம் சேர்த்தா?


சங்கிலிச்சத்தம் (தலவாக்கலை)

எல்லாம் மாட்டிக்கொண்டு சைக்கிளையும் தூக்கிக்கொண்டு தராசில் ஏறித்தான் பார்த்தேன் அக்கா. 75 தான். கடைக்காரர் சிரித்தது வேறு விஷயம். ஏற்றத்தை கம்பியூட்டரே தன் பாரோமீற்றரை வைத்துக் கணக்கிடுகிறது. அந்தத் துண்டு சுமார் 2 சதவீதம்.


கம்பியில்லாதவன் (நுவரெலியா)

> ஏற்றத்தை கம்பியூட்டரே தன் பாரோமீற்றரை வைத்துக் கணக்கிடுகிறது

அங்கேதான் பேய் இருக்கிறது. பாரோமீற்றர் உயரத்தை அளப்பதில்லை, காற்றழுத்தத்தை அளக்கிறது. நுவரெலியா உயரத்தில் ஒரு ஹெக்டோபாஸ்கல் மாறினால் சுமார் 10 மீற்றர் உயரம் மாறியதாகக் கருவி எடுத்துக்கொள்ளும். நம்மைப் போல நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்து நாடுகளில் வானிலை மாறாவிட்டாலும் அழுத்தம் ஒரு நாளுக்குள் இரண்டு முறை ஏறி இறங்கும். காலை 10 மணியளவில் உச்சம், பின்னேரம் 4 மணியளவில் அடி, இரவு 10 அளவில் மறுபடி உச்சம். காலைக்கும் பின்னேரத்துக்கும் இடையே 2, 3 ஹெக்டோபாஸ்கல் வரும். சைக்கிளைச் சுவரில் சாத்தி வைத்துவிட்டுத் தேநீர் குடித்துக்கொண்டு இருந்தாலும் பின்னேரம் கம்பியூட்டர் 20, 30 மீற்றர் மேலே ஏறிவிட்டதாகச் சொல்லும். ஐரோப்பாக்காரர்கள் எழுதும் குறிப்புகளில் இதை அதிகம் பார்க்க மாட்டீர்கள், அவர்களுக்கு இந்த அலை சிறியது.

இன்னொன்று, பாரோமீற்றர் ஓட்டைக்கு மேலே காற்று வீசினாலோ மழைத்துளி உட்கார்ந்தாலோ அழுத்தம் பொய்யாக மாறும். இறக்கத்தில் வேகம் கூடும்போது இது கூடும்.

நான் பார்த்த அளவில் நேரலையில் திரையில் காட்டும் சிடிஏ எண்ணை மலை ரோட்டில் மூடி வைப்பது நல்லது. கோப்பை மட்டும் பதிவு செய்யுங்கள், ஒவ்வொரு விநாடியும் பதியும்படி அமைத்துவிட்டு. இடைவெளி விட்டுப் பதியும் ஸ்மார்ட் பதிவு இதற்கு உதவாது. வேகத்தை ஜிபிஎஸ்ஸிலிருந்து எடுக்காமல் சக்கர சென்சரிலிருந்து எடுக்கச் சொல்லுங்கள், வளைவுகளிலும் மரங்களுக்குக் கீழேயும் ஜிபிஎஸ் வேகம் தாறுமாறாகப் போகும்.


ஹப்புத்தளைக்காரி (ஹப்புத்தளை)

கம்பியில்லாதவன் சொன்னதோடு இன்னொன்றையும் சேர்க்கிறேன். அழுத்தத்தை உயரமாக மாற்றும் வழக்கமான சூத்திரம் நியம வளிமண்டலத்தை வைத்து எழுதப்பட்டது. கடல் மட்டத்தில் 15 பாகை, ஒவ்வொரு கிலோமீற்றருக்கும் 6.5 பாகை குறையும் என்பது அதன் கணக்கு. அந்தக் கணக்கில் 1,200 மீற்றரில் இருக்கும் தலவாக்கலை 7 பாகையில் நடுங்க வேண்டும். உண்மையில் நல்ல காலையிலும் 18, 19 இருக்கும். சூடான காற்று விரிந்திருக்கும், அதனால் ஒரு ஹெக்டோபாஸ்கல் குறைய நிஜத்தில் கருவி நினைப்பதைவிட அதிகம் ஏற வேண்டும். ஆகக் கருவி நம் ஏற்றங்களை 4 சதவீதம் குறைத்துக் காட்டும். இறக்கங்களையும் அப்படியே.

தம்பியின் 2 சதவீத ஏற்றத்தில் இது 0.08 சதவீதம் ஆகிறது. மணிக்கு 20 இல் ஏறினார் என்று வைத்தால், உண்மையான 0.35 திரையில் 0.39 ஆகும், ஏனென்றால் ஏற்றத்துக்குப் போன வாட்டில் ஒரு பகுதியைக் காற்றில் எழுதிவிட்டது. 36 இல் இறங்கும்போது எதிர்ப்பக்கம் சாய்ந்து 0.34 பக்கம் வரும். ஏறும்போது கூட, இறங்கும்போது குறைய. நீங்கள் சொன்ன திசையேதான். 0.41 க்கும் 0.30 க்கும் மிச்ச விளக்கத்தைக் காற்று சென்சரிடம் கேட்க வேண்டும்.


மேட்டுராஜா (பொகவந்தலாவ)

டீச்சர், இதையெல்லாம் கேட்டால் எனக்கு இன்னும் நம்பிக்கை குறைகிறது. பாரோமீற்றர் பொய், ஜிபிஎஸ் பொய், திரை பொய். மிச்சம் என்ன?


பழையலுமாலா (ஹட்டன்)

மிச்சம் இறக்கம் இருக்கிறது. எனக்கு பவர் மீற்றரும் இல்லை, ஒன்றும் இல்லை. மிதிக்காமல் உருட்டிவிடும் முறை ஒன்று பழைய காலத்திலிருந்தே உண்டு. ஒரே இறக்கத்தில், ஒரே இடத்தில், ஒரே வேகத்தில் மிதிப்பதை நிறுத்திவிட்டு உருள வேண்டும். கீழே குறித்த இடத்தைத் தாண்டும்போது வேகம் எவ்வளவு, நேரம் எவ்வளவு என்று பார்க்க வேண்டும். நிமிர்ந்து ஒரு முறை, குனிந்து ஒரு முறை, மறுபடி நிமிர்ந்து. வித்தியாசம் கண்ணுக்கே தெரியும்.


ஹப்புத்தளைக்காரி (ஹப்புத்தளை)

தெரியும்தான். 3 சதவீத இறக்கம் நீளமாக ஒரே சீராக இருந்தால் இந்த 75 கிலோ ஆள் மிதிக்காமலே மணிக்கு 35 சொச்சத்தில் போய் நிலைகொள்வார், அதற்கு மேல் கூடாது. 6 சதவீதத்தில் 50 ஐத் தாண்டிவிடும். சிக்கல், அந்தச் சீரான நீளம் நம்மிடம் இல்லை. நிலையான வேகம் வருவதற்குள் வளைவு வந்துவிடும், பிரேக் பிடிக்க வேண்டும், பிடித்தால் கணக்கு முடிந்தது. ஹட்டன் பஸ் வரும் ரோட்டில் 50 இல் மூக்கை ஹேண்டிலில் வைத்துக்கொண்டு திரையைப் பார்க்கிற வேலையை யாரும் செய்ய வேண்டாம், அண்ணே நீங்களும்தான்.


பழையலுமாலா (ஹட்டன்)

நான் செய்வது தோட்டத்து உள்ரோட்டில், ஞாயிறு காலையில் பிள்ளைகள் எழும்புமுன். லொறிகூட வராது. கவலைப்படாதே மகளே.


குளிர்மூக்கு (கந்தப்பளை)

இடையில் ஒரு கேள்வி. எங்கள் பக்கம் பாதி நாள் பனிமூட்டம். மூட்டத்தில் ஓட்டினால் காற்று கனமாக இருக்கிறது, தள்ளவே முடியவில்லை என்று எல்லோரும் சொல்வார்கள், எனக்கும் அப்படித்தான் தோன்றும். இதை எப்படிக் கணக்கில் சேர்ப்பது?


கம்பியில்லாதவன் (நுவரெலியா)

சேர்க்கவே வேண்டாம், உண்மை எதிர்ப்பக்கம். நீராவி உலர்ந்த காற்றைவிட இலேசு. 16 பாகையில் காற்று முழுக்க ஈரமாக இருந்தாலும் நம் உயரத்தில் அடர்த்தி ஒரு சதவீதத்துக்கும் குறைவாகத்தான் குறையும். மூட்டத்தில் மிதக்கும் நீர்த்துளிகளின் எடை ஒரு கன மீற்றருக்கு அரை கிராம்கூட வராது, காற்றே கிட்டத்தட்ட 970 கிராம். உங்களைத் தள்ளாமல் பிடிப்பது நனைந்த ரோடும் நனைந்த உடுப்பும் குளிர்ந்த டயரும். டயர் ரப்பர் குளிர்ந்தால் உருளும் தடை கூடும்.

அடர்த்தியைப் பற்றிக் கேட்டதால் இதையும் சொல்லிவிடுகிறேன், இது முக்கியம். கொழும்பில் 30 பாகையில் ஒரு கன மீற்றர் காற்று 1.15 கிலோ. தலவாக்கலையில் 1.05. நுவரெலியாவில், 1,868 மீற்றரில், 0.97. சில செயலிகள் நீங்கள் ஒன்றும் போடாவிட்டால் கடல் மட்டத்து 1.225 ஐத் தாமாகவே எடுத்துக்கொள்ளும். அப்படி எடுத்தால் நுவரெலியாவில் 0.35 காரர் 0.28 ஆகிவிடுவார். இணையத்தில் சில பேர் பெருமையாகப் போடும் எண்களைப் பார்க்கும்போது எனக்கு முதலில் இந்தச் சந்தேகம்தான் வரும்.


குளிர்மூக்கு (கந்தப்பளை)

அப்படியென்றால் நுவரெலியாவில் ஒரு வெலோட்ரோம், சைக்கிள் பந்தயத் தளம், கட்டினால் உலக சாதனை போடலாம்!


ஹப்புத்தளைக்காரி (ஹப்புத்தளை)

சும்மா சொன்னாலும் அதில் உண்மை உண்டு. ஒரு மணி நேரத்தில் எவ்வளவு தூரம் ஓடலாம் என்ற சாதனையை பெல்ஜிய வீரர் எடி மெர்க்ஸ் 1972 இல் மெக்சிகோ சிட்டிக்குப் போய்த்தான் வைத்தார், 49.431 கிலோமீற்றர். அந்த ஊர் 2,200 மீற்றருக்கு மேலே. 2019 இல் விக்டர் கம்பனார்ட்ஸ் 55.089 ஓடியது மெக்சிகோவின் அகுவாஸ்கலியென்டஸில், அது ஏறத்தாழ நுவரெலியா உயரம்தான். ஆனால் 2022 இல் பிலிப்போ கன்னா சுவிட்சர்லாந்தில் தாழ்வான கிரென்ஷனில் 56.792 ஓடி எல்லாவற்றையும் தாண்டிவிட்டார். மெல்லிய காற்று முன்னால் வழி விடும், அதே அளவுக்கு நுரையீரலுக்கும் குறைவாகக் கொடுக்கும். கணக்குப் போட்டுத்தான் ஊரைத் தெரிந்தெடுக்க வேண்டும்.

சரி, மேட்டுராஜா அண்ணாவின் கேள்விக்கு வருகிறேன், மிச்சம் என்ன என்று. மிச்சம் இருப்பது ராபர்ட் சுங் என்பவர் சொன்ன முறை, மெய்நிகர் உயரம் என்று சொல்லலாம். அழகான யோசனை. உயரத்தை அளக்கவே வேண்டாம் என்கிறார் அவர். வாட்டும் வேகமும் எடையும் தெரியும், சிடிஏ ஒன்றை ஊகித்து வைத்துக்கொள்ளுங்கள், உருளும் தடை ஒன்றையும். இப்போது கணக்கைத் திருப்பிப் போட்டால், ஒவ்வொரு விநாடியும் ரோடு எவ்வளவு ஏறியிருக்க வேண்டும் என்று வரும். அதையெல்லாம் கூட்டினால் ரோட்டின் வடிவம் ஒரு கோடாக வரும். நீங்கள் ஒரே வட்டத்தைத் திரும்பத் திரும்பச் சுற்றினால், புறப்பட்ட இடத்துக்கு வந்ததும் உயரம் புறப்பட்ட உயரமாகவே இருக்க வேண்டும், மலை அதற்குள் வளர்ந்திருக்காது. ஊகித்த சிடிஏ சிறியது என்றால் கோடு ஒவ்வொரு சுற்றுக்கும் படிப்படியாக மேலே ஏறிக்கொண்டே போகும், பெரியது என்றால் கீழே சரியும். சுற்றுகள் எல்லாம் ஒன்றன்மேல் ஒன்று படியும்வரை எண்ணை மாற்றுங்கள். படிந்த எண் உங்கள் சிடிஏ. கோல்டன் சீட்டா என்ற இலவச மென்பொருளில் ஏரோலாப் என்ற பக்கத்தில் இது இருக்கிறது, பட்டியை நகர்த்தினால் கோடு அசைவதைப் பார்க்கலாம். பாரோமீற்றரின் பொய், நியம வளிமண்டலத்தின் பொய், எதுவும் உள்ளே வராது.

இன்னொரு லாபமும் உண்டு. எங்கே பிரேக் பிடித்தீர்கள், எங்கே பஸ் ஒன்று உரசிக்கொண்டு முந்தியது என்று அந்தக் கோட்டிலேயே தெரியும். பிரேக் பிடித்த இடத்தில் வேகம் காரணமில்லாமல் குறையும், கணக்கு அதை ஏற்றம் என்று எடுத்துக்கொண்டு சட்டென்று ஒரு படி ஏறும். பஸ்ஸின் இழுப்பில் போன இடத்தில் ஒரு பள்ளம். அந்தச் சுற்றைத் தூக்கி எறிந்துவிடலாம்.


சங்கிலிச்சத்தம் (தலவாக்கலை)

அக்கா, இது பிடித்திருக்கிறது. ஆனால் பிரேக் பிடிக்காமல் சுற்றி வரக்கூடிய வட்டம் நம் பக்கம் எங்கே இருக்கிறது? அம்பேவளைப் பக்கம் புல்வெளி, ரோடு திறந்து கிடக்கும், வாகனம் குறைவு. அங்கே போகலாமா?


குளிர்மூக்கு (கந்தப்பளை)

காற்றாலைகளைப் பார்த்துக்கொண்டா காற்றில்லாத இடம் என்று அம்பேவளைக்குப் போகப்போகிறீர்கள்? சும்மாவா அங்கே நட்டிருக்கிறார்கள்?


கம்பியில்லாதவன் (நுவரெலியா)

நுவரெலியாவில் கிரகரி வாவிப் பக்கம் சமதரை கிடைக்கும், ஆனால் பதுளை ரோட்டு வாகனம், வாரக்கடைசியில் குதிரைச் சவாரி, சித்திரை வந்துவிட்டால் சீசன் கூட்டம், கால் வைக்க இடமிருக்காது. அதைவிட, வட்டம் தேவையே இல்லை. சமதரை தேடுவதை விடுங்கள். நமக்கு மலை தந்த வசதி ஒன்று இருக்கிறது. நடுவில் தாழ்ந்து இரண்டு முனையும் உயரும் ரோட்டுத் துண்டு, கிண்ணத்தின் குறுக்குவெட்டு போல, ஒரு கிலோமீற்றர் இருந்தால் போதும். ஒரு முனையிலிருந்து இறங்கி மிதித்து மறுமுனையில் ஏறுங்கள். மேலே போய்ச் சேரும்போது வேகம் தானாகவே நடை வேகத்துக்கு விழுந்துவிடும், பிரேக் தொடாமல் திரும்பலாம். திரும்பி அதே வழி. முன்னும் பின்னும் போவதால் உயரம் ஒவ்வொரு முறையும் பழைய இடத்துக்கு வரும், காற்றும் ஒரு பக்கம் எதிராகவும் ஒரு பக்கம் பின்னாலும் கிடைக்கும்.

இந்த வடிவத்தில் மறைந்திருக்கும் பெரிய நன்மை வேகம் கூடிக் குறைவது. ஒரே வேகத்தில் ஓட்டினால் டயர் தடையையும் காற்றுத் தடையையும் பிரிக்க முடியாது, ஒன்றைக் கூட்டி மற்றதைக் குறைத்தால் அதே கோடுதான் வரும். காற்றின் விசை வேகத்தின் வர்க்கத்தில் கூடும், டயரின் விசை அப்படியே இருக்கும், அதனால் மெதுவான பகுதியும் வேகமான பகுதியும் இரண்டும் வேண்டும். தேயிலை மலைகளுக்கு நடுவே ஓடையைக் கடந்து போகும் ரோடு எல்லாமே இந்த வடிவம்தான், பாலம் அகலமாக, வளைவு இல்லாமல் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.


பழையலுமாலா (ஹட்டன்)

நேரம் முக்கியம். பொழுது விடிந்து வெயில் மலையில் ஏறுவதற்கு முன் ஓட்டி முடியுங்கள். வெயில் பட்டதும் பள்ளத்திலிருந்து மேல் நோக்கிக் காற்று கிளம்பிவிடும். வைகாசி, ஆனியில் தென்மேற்குக் காற்று பிடித்துவிட்டால் சென்சரைப் பெட்டியில் போட்டுப் பூட்டிவிட்டு வேறு வேலை பார்க்கலாம். தை, மாசி, பங்குனிக் காலைகள்தான் இதற்கு. சவுக்கு மரம் இரண்டு பக்கமும் நிற்கிற ரோடாக இருந்தால் இன்னும் நல்லது.


ஹப்புத்தளைக்காரி (ஹப்புத்தளை)

அண்ணே சொன்னதற்கு எண். மணிக்கு 36 என்பது விநாடிக்கு 10 மீற்றர். எதிர்க்காற்று விநாடிக்கு 1 மீற்றர், அடுப்புப் புகை சாய்கிற அளவுதான், இலைகூட சரியாக ஆடாது. அதற்கே விசை 21 சதவீதம் கூடிவிடும். திரும்பி வரும்போது 19 சதவீதம் குறையும். இரண்டையும் அதே வேகத்தில் ஓட்டி சராசரி எடுத்தால் மிச்சப் பிழை 1 சதவீதம். ஆனால் காற்று 3 மீற்றர் என்றால் போய் வந்தாலும் 9 சதவீதம் மிச்சம் நிற்கும். அதனால்தான் போய்வருதல் மட்டும் போதாது, அமைதியான நேரமும் வேண்டும். ஒரு பக்கம் மட்டும் ஓட்டி எடுத்த எண்ணை யாராவது காட்டினால் கேட்டுக்கொண்டு சிரித்துவிட்டுப் போங்கள்.


சங்கிலிச்சத்தம் (தலவாக்கலை)

அப்போது காற்று சென்சர் எதற்கு? அதுதானே காற்றை அளக்க வேண்டும்?


கம்பியில்லாதவன் (நுவரெலியா)

அளக்கும், அளவுத்திருத்தம் செய்தால். அதன் மூக்கில் இருப்பது விமானத்தில் இருக்கும் பிட்டோ குழாயின் சின்ன உருவம். முன்னால் மோதும் காற்றின் அழுத்தத்துக்கும் பக்கத்து அழுத்தத்துக்கும் உள்ள வித்தியாசத்தை அளக்கிறது. விநாடிக்கு 10 மீற்றர் வேகத்தில், நுவரெலியாக் காற்றில், அந்த வித்தியாசம் 49 பாஸ்கல்தான், அதாவது 5 மில்லிமீற்றர் தண்ணீரின் அழுத்தம். குழாய் ஓட்டையில் மூட்டத்தின் ஒரு துளி உட்கார்ந்தால் முடிந்தது கதை. ஒவ்வொரு ஓட்டத்துக்கும் முன் ஊதிப் பாருங்கள், மெதுவாக, வாயை வைத்து அடைக்காமல்.

அடுத்தது, சென்சர் நிற்கும் இடத்துக் காற்று ஏற்கெனவே உங்கள் உடம்பை உணர்ந்துவிட்ட காற்று. முன்னால் ஆள் வருகிறார் என்று கொஞ்சம் வேகம் குறைந்திருக்கும். அதனால் கருவி காட்டும் காற்று வேகத்தை ஒரு காரணியால் பெருக்க வேண்டும். அமைதியான காலையில் போய் வாருங்கள். இரண்டு பக்கத்துக் காற்று வேகங்களின் சராசரி உங்கள் ரோட்டு வேகத்துக்குச் சமமாக வரவேண்டும், அப்படி வரும்படி காரணியைப் பொருத்துங்கள். காரணி பெரிதாகிப்போய்க் கருவி காற்று வேகத்தை 5 சதவீதம் கூடக் காட்டினால் சிடிஏ 10 சதவீதம் குறையக் காட்டும், உங்கள் 0.30 இல் பாதிக் கதை இதுவாக இருக்கலாம்.

இதில் ஒரு பொறியும் உண்டு. கையை ஹூட்டிலிருந்து ஹேண்டிலின் கீழ் வளைவான டிராப்ஸுக்குக் கொண்டுபோனாலும் தலையைத் தாழ்த்தினாலும் சென்சருக்கு முன்னாலுள்ள காற்று மாறும், காரணியும் மாறும். அதாவது நீங்கள் ஒப்பிட விரும்பும் அதே மாற்றம் அளவுகோலையும் மாற்றுகிறது. ஆகவே ஒவ்வொரு இருப்புக்கும் தனித்தனியே திருத்த வேண்டும். விற்பவர்கள் இதைச் சத்தமாகச் சொல்வதில்லை.


மேட்டுராஜா (பொகவந்தலாவ)

இவ்வளவு வேலை செய்து கடைசியில் என்ன தெரிந்துகொள்வீர்கள்? குனிந்தால் வேகம் என்று. அதை என் தாத்தாவே சொல்வார்.


ஹப்புத்தளைக்காரி (ஹப்புத்தளை)

எவ்வளவு குனிந்தால் எவ்வளவு என்று தாத்தா சொல்ல மாட்டார். சில பேருக்குத் தலையைத் தாழ்த்தினால் தோள் உயர்ந்து சிடிஏ கூடும், சில பேருக்குக் குறையும். ஆளுக்கு ஆள் மாறுவதால்தான் அளக்கிறார்கள். மிகவும் குனிந்து இடுப்பு மடங்கி 20 வாட் குறைவாக மிதித்தால் லாபம் எங்கே போனது என்பதையும் அதே பவர் மீற்றர்தான் சொல்லும்.

தம்பி, ஓட்டுவதற்கு முன் இவற்றை மட்டும் மறக்காதீர்கள். பவர் மீற்றரைச் சைக்கிளோடு வெளியே குளிரில் கொஞ்ச நேரம் விட்டு, அப்புறம் சுழியம் பிடியுங்கள், அதாவது மிதிக்காதபோது 0 காட்டும்படி அமையுங்கள். வீட்டுச் சூட்டில் பிடித்த சுழியம் வெளியே நகர்ந்துவிடும். சக்கரச் சுற்றளவைப் பெட்டியில் எழுதியதை நம்பாமல், நீங்கள் ஏறி உட்கார்ந்தபடி ஒரு சுற்று உருட்டி ரோட்டில் அளவு நாடாவால் அளந்து போடுங்கள். வேகத்தில் 1 சதவீதப் பிழை சிடிஏயில் கிட்டத்தட்ட 3 சதவீதமாக வரும். டயர் காற்றை ஒரே அளவியால், ஒரே நேரத்தில். போத்தலில் குடித்தால் திரும்ப நிரப்புங்கள். இரண்டு இருப்புகளை ஒப்பிடுவதென்றால் முதலாவதை எல்லாம் முடித்துவிட்டு இரண்டாவதற்குப் போகாமல், மாற்றி மாற்றி ஓட்டுங்கள். காலை போகப் போக வெப்பம் மாறும், காற்று மாறும், அந்த மாற்றம் இரண்டுக்கும் சமமாகப் பங்கு போகட்டும்.


சங்கிலிச்சத்தம் (தலவாக்கலை)

வந்துவிட்டேன். கொஞ்ச நாள் ஆகிவிட்டது, மழை விடவில்லை. லிந்துலைப் பக்கம் ஒரு தோட்டத்து ரோடு, கீழே பாலம், இரண்டு பக்கமும் ஏற்றம். கங்காணி ஐயா என்ன தேடுகிறாய் என்று கேட்டார், காற்றை அளக்கிறேன் என்றேன், மேலும் கீழும் பார்த்துவிட்டுப் போய்விட்டார்.

கோல்டன் சீட்டாவில் போட்டுப் பார்த்தேன். உருளும் தடையை 0.006 என்று வைத்ததும் மெதுவான முனைகள் நன்றாகப் படிந்தன, நம் ரோட்டுத் தாருக்கு இது சரிதானா? கை நீட்டி ஹூட்டில் பிடித்தால் 0.36 பக்கம். அதே ஹூட்டில் முழங்கையை மடக்கி முன்கையைத் தரைக்குச் சமமாக வைத்தால் 0.33 பக்கம். இந்த வித்தியாசம் மாற்றி மாற்றி ஓட்டும்போதும் மறையவில்லை. மழைக்கோட்டைப் போட்டுக்கொண்டு ஓட்டியது அதைவிடப் பெரிய வித்தியாசம், கோடு உடனே மேலே போய்விட்டது. பழைய ஹெல்மெட்டா புதிய ஹெல்மெட்டா என்பதை மட்டும் என்னால் பிரிக்க முடியவில்லை, இரண்டின் வித்தியாசமும் அளவீட்டின் ஏற்ற இறக்கத்துக்குள் மறைந்துவிட்டது.

காற்று சென்சரை இந்த ஓட்டங்களில் கணக்கில் சேர்க்கவே இல்லை. காலையில் ஊதுபத்திப் புகை நேராக நிற்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் தொடங்கினேன்.


ஹப்புத்தளைக்காரி (ஹப்புத்தளை)

0.006 கரடுமுரடான தாருக்குச் சரியாகத்தான் இருக்கும், மழமழப்பான ரோட்டில் நல்ல ரேஸ் டயர் 0.004 பக்கம் போகும். ஹெல்மெட் பிரியாததில் ஆச்சரியம் இல்லை. பவர் மீற்றரின் துல்லியமே 1 முதல் 2 சதவீதம், 0.005 சதுர மீற்றர் வித்தியாசத்தை ரோட்டில் பிடிப்பது கடினம். முழங்கையின் 0.03 நிஜம்தான். மணிக்கு 36 இல் அது 15 வாட்டுக்கு மேல்.


மேட்டுராஜா (பொகவந்தலாவ)

15 வாட்டா? முழங்கையை மடக்கினதற்கு?

தம்பி, அந்த ரோடு எந்தத் தோட்டம்? அடுத்த ஞாயிறு வரலாமா என்று பார்க்கிறேன். பவர் மீற்றர் என்னிடம் இல்லை, உன் சக்கரத்துக்கு என் கேசட் பொருந்துமா?


சங்கிலிச்சத்தம் (தலவாக்கலை)

பவர் கிராங்கில் இருக்கிறது அண்ணே, சக்கரத்தில் இல்லை. என் சைக்கிளிலேயே ஓட்டுங்கள், இருக்கையை மட்டும் உயர்த்த வேண்டும். சப்பாத்தும் பெடலும் கொண்டு வாங்க. எடை பார்க்கத் திரும்பவும் அந்தக் கடைத் தராசுக்குத்தான் போக வேண்டும்.


பழையலுமாலா (ஹட்டன்)

நானும் வருகிறேன். அளவு நாடா கொண்டு வருகிறேன், தையல்காரர் நாடா இல்லை, இரும்பு நாடா. ஆறு மணிக்கு முன்னால் வந்துவிடுங்கள், கொழுந்து லொறி ஏழு மணிக்கு அந்தப் பாலத்தில் ஏறும்.